கோப்பைகள் இல்லாத கெண்டி

ஐயா, அல்லது அம்மா,

இதைத் தங்கள் கையில் யார் கொடுத்தார்கள் என்பதை நான் அறியேன். யாராயினும் முதலில் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நான் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியின் மேலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தென்காசியில் என் மனைவியுடன் வசிக்கிறேன். பள்ளிப் படிப்புக்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. ஜப்பான் நாட்டின் பழைய சித்திரப் பீங்கான்களைத் தேடிச் சேர்ப்பது என் வாழ்நாள் ஈடுபாடாக இருந்தது. அந்தச் சேகரிப்பு அண்மையில் மதுரைக்குப் போய்விட்டது. அதில் ஒரு தேநீர்க் கெண்டி இருக்கிறது. அதற்குரிய கோப்பைகள் அதனுடன் இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதி வைப்பதே என் நோக்கம். எழுதும் கை நடுங்குகிறது. உடம்பிலும் மனத்திலும் அயர்ச்சி மிகுந்திருக்கிறது. ஆகையால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன் என்று உறுதி கூற இயலவில்லை.

நான் வேலை பார்த்த விடுதி, முன்பு ஒரு நிலக்கிழார் குடும்பத்தார் சாரல் மாதங்களில் வந்து தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. கைமாறி, அறை அறையாகத் தடுக்கப்பட்டு, விடுதி ஆயிற்று. அதன் பின்புறத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில், வழியும் தண்ணீரை ஏந்துவதற்காக ஒரு தட்டை வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தத் தொட்டியை நகர்த்தச் சொன்னேன். தட்டு நிறையச் சாரல் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் அடியில் நீல நிறத்தில் ஒரு வளைந்த மரமும், மரத்தின் கீழே ஒரு பாலமும், பாலத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு குனிந்து செல்லும் ஒரு மனிதனின் உருவமும் தெரிந்தன. நானும் அப்போது ஒரு கையில் குடையோடுதான் நின்றிருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டைத் துடைத்துப் பார்த்தேன். பின்புறத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். “அந்தத் தொட்டித் தட்டா? எடுத்துக்கிடுமே, இதுக்குப் போயி கேக்கீரே” என்று சிரித்தார்.

அதுதான் தொடக்கம். அறையைக் காலி செய்து போன ஒருவர் மறந்துவிட்டுச் சென்ற ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்று, நெடுநாள் யாரும் கேட்டு வராமையால், என்னிடமே தங்கியது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு அதைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஒரு பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் மெலிவை அறியவும், நகத்தால் தட்டி ஓசையைக் கேட்டு விரிசலை அறியவும், மெருகு பூசப்படாத அடி விளிம்பை விரலால் தடவி மண்ணின் நயத்தை அறியவும் கற்றுக்கொண்டேன். நான் கற்றவற்றுள் முக்கியமானது ஒன்று உண்டு. நீல வண்ணத்தைச் சுடுவதற்கு முன் எழுதி, அதன் மேல் மெருகு பூசிச் சூளையில் வைப்பார்கள். ஆகவே அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் சித்திரம் போல என்றும் அழியாது. சிவப்பையும் பொன்னையும் மெருகின் மேல் எழுதி, மீண்டும் மெல்லிய சூட்டில் சுடுவார்கள். ஆகவே அவை மேலே நிற்கின்றன, உரசினால் போய்விடும். இதை நான் அறிந்திருந்தேன். என் வீட்டில் சொல்லி வைக்கவில்லை.

நான் பொருள் சேர்த்த முறையையும் சொல்ல வேண்டும். பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருவில் வருவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். நானும் அம்முறையையே மேற்கொண்டேன். யாருடைய வீட்டிலாவது இத்தகைய பீங்கான் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், ஒரு புதிய எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவேன். வடகரையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில், கொக்குகள் பறக்கும் ஒரு அகன்ற கிண்ணத்தில் கொட்டைப் பாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் முன்னோர் ஒருவர் பர்மாவிலிருந்து கொண்டு வந்ததாம். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்து அதை வாங்கினேன். புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடையில், அலைகள் எழுதிய ஜாடியில் கரண்டிகள் செருகி வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுவா? உள்ள ஒரு கீறல் கெடக்கு அண்ணாச்சி. பொறவு வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன்.”

“நல்லா யோசிச்சிக்கிடுங்க. வீட்டுல மைனி வையமாட்டாகளா?”

மைனி, அதாவது என் மனைவி, வைதாள். ஒவ்வொரு முறையும் வைதாள்.

“என்ன யாவாரம் இது? புதுப் பாத்திரத்தக் குடுத்துட்டுக் கீறல் விழுந்த சட்டிய வாங்கிட்டு வாரிய! தெருவுல பாத்திரக்காரன் கூவிக்கிட்டு வந்தா, உங்க வீட்டுக்காரரு வாராருன்னு என்னையக் கேலி பண்ணுதாளுவ.”

ஆயினும் கூடத்தில் நான் கண்ணாடி அலமாரி செய்து வைத்தபோது அவள் தடுக்கவில்லை. பொங்கலுக்கு முந்தைய ஒரு நாளில்தான், வண்ணத்தைப் பற்றி நான் சொல்லி வைக்காததன் பலன் தெரிந்தது. வீட்டிலுள்ள பித்தளை, செம்பு அனைத்தையும் முற்றத்தில் பரப்பிப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் விடுதியிலிருந்து திரும்பியபோது, துலக்கிய குடங்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவே என் பெரிய தட்டு வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சிவந்த பெரிய மலர்களும், இதழ் ஓரமெல்லாம் பொன் கோடுகளும் கொண்ட தட்டு அது. இப்போது மலர்கள் வெளிறியிருந்தன. பொன் இல்லை. நடுவிலிருந்த நீலக் கொடி மட்டும் அப்படியே இருந்தது.

“உங்க தட்டும் மங்கிப் போயிக் கெடந்துச்சு. நல்லாப் புளி போட்டுத் தேச்சேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியளா?”

“பொன் போயிட்டு” என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த புளிச் சக்கையைப் பார்த்தாள். அதில் ஏதும் தெரிந்ததோ என்னவோ, நெடுநேரம் பார்த்தாள். “நான் நல்லதுன்னுதான செஞ்சேன்” என்றாள். பின்னர், “இனிமே உங்க சாமானத் தொட்டேன்னா ஏன்னு கேளுங்க” என்றாள். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அலமாரியைத் திறக்கவில்லை, அதன் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. அந்த வேலை முழுவதும் என்னுடையதாயிற்று.

இனி அந்தத் தேநீர் வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். செங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்து, ஒரு பெரிய இட்லிப் பானைக்கு மாற்றாக அது எனக்குக் கிடைத்தது. ஒரு கெண்டி, ஒரு சர்க்கரைக் கிண்ணம், ஒரு பால் குவளை, ஆறு கோப்பைகள், ஆறு தட்டுகள். ஒவ்வொன்றிலும், மழை மேகம் போன்ற சாம்பல் நிறப் பரப்பின் மேல், குழைத்த மண்ணைப் புள்ளி புள்ளியாக வைத்து எழுப்பிய ஒரு டிராகன். கையால் தடவினால் அதன் செதில்கள் ஒவ்வொன்றும் தட்டுப்படும். கண்ணுக்கு நீலக் கண்ணாடித் துளி பதித்திருந்தார்கள். கோப்பைகளோ முட்டை ஓட்டைப் போல மெலிந்தவை. உள்ளங்கையில் வைத்தால் ஒன்றும் வைக்காதது போல இருக்கும்.

ஆனால் அவற்றின் சிறப்பு வேறு. வெறுமனே பார்த்தால் கோப்பையின் அடி வெள்ளையாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அந்த அடியில் கொண்டை போட்ட ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம் தோன்றும். அதில் கோடும் இல்லை, வண்ணமும் இல்லை. மண்ணின் கனத்தை ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் வார்த்திருக்கிறார்கள். மெலிந்த இடம் ஒளியாகவும் கனத்த இடம் நிழலாகவும் நின்று முகமாகிறது. இத்தகைய வரிசைகள் ஏற்றுமதிக்கென்று நிறையச் செய்யப்பட்டவையே. பெரிய அருமைப்பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஆறு கோப்பைகளும் ஒரு கீறலும் இன்றி நம் பக்கத்தில் இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று என் மனைவி தூர நின்றே பார்த்தாள்.

“அது என்ன, பல்லியா?”

“டிராகன்.”

“காலு நாலு, வாலு ஒண்ணு, மேல ஏறுது. பல்லி இல்லாம பின்ன என்ன? பல்லி கெடந்த கப்புல எவன் காப்பி குடிப்பான்?”

கோப்பைக்குள் இருக்கும் முகத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் அமையவில்லை.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது சில காலத்துக்கு முன்பு. வலப்பக்கம் முழுவதும் சோர்ந்துவிட்டது. வார்த்தைகள் குழறின, நாளடைவில் பேச்சு ஓரளவு தெளிந்தது. தெளியாதது விழுங்கும் சக்தி. மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: தலையை அண்ணாந்து குடிக்கவே கூடாது, தண்ணீர் மூச்சுக்குழலில் போய்விடும், முகவாயைக் கீழே தாழ்த்தி, உதட்டில் வைத்து, மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் என் மனைவி பிறந்தது முதல் எந்தப் பாத்திரத்திலும் உதடு வைத்துக் குடித்தவள் அல்லள். தண்ணீரானாலும் காப்பியானாலும் தம்ளரை உயரத் தூக்கி ஊற்றிக்கொள்வதே அவள் பிறந்த வீட்டின் வழக்கம், எங்கள் வீட்டின் வழக்கமும் அதுவே. வாய் வைத்தால் எச்சில். எச்சில் பட்ட பாத்திரம் மற்றவற்றோடு சேரக் கூடாது. சிறுவயதில் படிந்த கூச்சம், நோயில் படுத்த பிறகும் அவளை விடவில்லை.

தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எவர்சில்வரின் மடித்த விளிம்பு பல்லில் இடித்து, தண்ணீர் சோர்ந்த பக்கமாக வழிந்து கழுத்தை நனைக்கும். உறிஞ்சு குழல் கொடுத்தோம், உறிஞ்ச வலுவில்லை. குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொண்டு வந்தபோது அதை இடக்கையால் தட்டிவிட்டாள். “நான் என்ன பச்சப்புள்ளையா?” என்றாள். கரண்டியால் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்பாள். உடம்பில் நீர் வற்றி, நினைவு தடுமாறி, மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியே நீர் ஏற்றி அழைத்து வந்தோம். மறுபடியும் அப்படியே ஆயிற்று. “இன்னொரு முறை இந்த நிலையில் வந்தால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை” என்று மருத்துவர் சொன்னார். அவள் காதிலும் அது விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கொழா மட்டும் வேண்டாம்” என்றாள். “அப்படியானால் குடி” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மாள் நாள்தோறும் புளியறையிலிருந்து பேருந்தில் வந்து போகிறார். நடுத்தர வயதினர், வாய்த்துடுக்கானவர். எல்லைப் பக்கத்துப் பழக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்பார்.

“மைனி, கொஞ்சம் வெள்ளம் குடிங்க. வாய் வச்சே குடிங்க. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் குடிக்கோம். யாருக்கு என்ன ஆயிப்போச்சு?”

“அதான் உங்க பக்கத்துப் புத்தி அப்படி இருக்கு.”

“புத்தி எப்படியும் இருக்கட்டும். நாக்கு காஞ்சு போயிக் கெடக்கே, அதப் பாருங்க.”

“ஒனக்குத் தாகமா இருந்தா நீ குடி, ஏட்டி. வெள்ளம் பூரா நீயே குடி.”

இவ்வாறு காலை முதல் மாலை வரை நடக்கும். மாலையில் அவர் போன பிறகு நான் தொடர்வேன். கெஞ்சுவதும், நனைந்த துணியை மாற்றுவதும், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதும், மறுபடி கெஞ்சுவதுமாகவே பொழுது போகும். சாரல் மாதங்கள் வந்தன. குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் எங்கள் தெரு முனை வரை நெருக்கிக்கொண்டு நின்றன. ஊரெல்லாம் தண்ணீரைத் தேடி வந்துகொண்டிருக்க, நான் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஒரே கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இரக்கம், பாசம் எல்லாம் எனக்கு இருந்தனவா என்று அப்போது கேட்டிருந்தால் என்னால் விடை சொல்ல இயன்றிருக்காது. களைப்பு இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

சேகரிப்பை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்ததும் அந்நாட்களில்தான். கட்டிலைப் போடக் கூடத்தில் இடம் வேண்டியிருந்தது. அலமாரி குறுக்கே நின்றது. தூசி துடைக்கக் கோப்பைகளை எடுக்கும்போதெல்லாம் என் விரல்கள் நடுங்கின. மதுரையில் ஒரு பெரியவர், தம் வீட்டு மாடி முழுவதையும் இத்தகைய பொருட்களுக்கென ஒதுக்கி, கேட்டு வருபவர்களுக்குத் திறந்து காட்டுபவர், பல ஆண்டுகளாக என்னோடு தொலைபேசியில் பேசுபவர். அவரிடம் சொன்னேன். முழுவதையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வதாக வாக்களித்தார். “அந்த டிராகன் செட் முழுசா இருக்குல்ல சார்? ஆறு கப்பும்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். இருக்கிறது என்றேன். சாரல் நின்றதும் வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் கழுவி வைக்க எண்ணினேன். கோப்பைகளை ஒரு துண்டின் மேல், கட்டிலுக்கு அருகிலுள்ள மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். புளியறை அம்மாள் அவற்றில் ஒன்றை எடுத்துத் துடைத்து, ஈரம் போயிற்றா என்று ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி! மைனி! கப்புக்குள்ள ஒருத்தி இருக்கா!”

“என்னட்டி ஒளறுத?” என்றாள் என் மனைவி.

“சத்தியமா மைனி. பெரிய கொண்ட போட்டிருக்கா. கண்ணக் கீழ போட்டுக்கிட்டு, பொண்ணு பாக்க வந்த எடத்துல இருக்க மாதிரி இருக்கா.”

“காட்டு.”

கட்டில் இருந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை. “ஒண்ணும் இல்ல. இவ பொய் சொல்லுதா” என்றாள். நாங்கள் இருவருமாகக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தோம். முதுகுக்குத் தலையணைகளை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். கோப்பையை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். இந்த முறை தெரிந்துவிட்டது. அவள் நோய் கண்ட பிறகு ஒரு பொருளை அத்தனை கூர்ந்து பார்த்து நான் அதுவரை கண்டதில்லை.

“இவ எப்பம் இருந்து இதுக்குள்ள இருக்கா?”

“வாங்குன அன்னையில இருந்தே.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“நீதான் பல்லின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டியே.”

“பல்லி வெளியல்லா இருக்கு. இவ உள்ள இருக்கா. அத முன்னாலயே சொல்லக் கூடாதாக்கும்?”

புளியறை அம்மாள் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, ஆறிய வெந்நீரைப் பாதி அளவு ஊற்றினார். “இப்பப் பாருங்க, மறஞ்சிட்டா. குடிச்சு முடிச்சாத்தான் திரும்பி வருவா.”

“பச்சப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி எனக்குச் சொல்லுதியோ?”

“ஆமா. குடிக்கியளா இல்லையா?”

என் மனைவி கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பதற்காகக் குனிந்தாள். முகவாய் நெஞ்சோடு ஒட்டியது. மருத்துவர் எத்தனையோ முறை செய்து காட்டி, நாங்கள் எத்தனையோ முறை கெஞ்சியும் வராத நிலை அது. அந்த நிலையிலேயே கோப்பையின் மெல்லிய விளிம்பு அவள் உதடுகளுக்கு நடுவே நுழைந்தது. ஒரு மிடறு இறங்கியது. இருமல் வரவில்லை. இன்னொன்று இறங்கியது. ஒரு துளி வழியவில்லை என்று எழுதினால் பொய்யாகும். கழுத்து நனைந்தது, ஆனால் கொஞ்சமே. கோப்பை காலியானதும், “தூக்கிப் புடி” என்றாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். பார்த்தாள். “மூக்குத்தி போடாம விட்டுட்டானுவ” என்றாள்.

அன்று முதல் அவள் அந்தக் கோப்பைகளில் குடித்தாள். எச்சில் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று அஞ்சினேன். புளியறை அம்மாள் மட்டும் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டார். “அது எங்க வீட்டுப் பாத்திரத்தோட சேராத பாத்திரம்தான? அதுல என்ன எச்சி?” என்றாள் என் மனைவி.

சில நாட்களில் அவளுக்கு வேறொரு எண்ணம் உண்டாயிற்று. ஆறு கோப்பைகளிலும் இருப்பவர்கள் ஆறு வேறு பெண்கள் என்றாள். ஒரே அச்சில் வார்த்தவை, எல்லாம் ஒரே முகம் என்றேன். “நீங்க கண்ணாடி போட்டுப் பாருங்க” என்றாள். கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே முகம்தான். ஒன்றில் மட்டும் வார்ப்பு சற்று மழுங்கி, கன்னம் உப்பியிருந்தது. அது அவள் சின்ன நாத்தனாராம். இன்னொருத்தி எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தவளாம். “இன்னைக்கு யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். நாத்தனார் கோப்பையானால் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பாள். நான் மறுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

மெலிந்த பீங்கான், நடுங்கும் கைகள். உடையாமல் எப்படி இருக்கும்? முதலாவது கட்டில் கம்பியில் பட்டு, ஓசைகூட அதிகம் இன்றி, பாதியாகப் பிளந்தது. என் கையிலிருந்துதான் பட்டது. துண்டுகளைப் பொறுக்கும்போது என் மனம் எத்தனை வேதனைப்படும் என்று எண்ணியிருந்தேனோ அத்தனை படவில்லை. குனிந்து நிமிர முடியவில்லையே என்றுதான் இருந்தது. அடுத்தது, சூடான கஞ்சியை ஊற்றியதால் கீறல் விட்டது. “செத்துட்டாளா?” என்று கேட்டாள் என் மனைவி. “ஆமா” என்றேன். “யாரு?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி என்று சொல்லி வைத்தேன்.

சாரல் நின்றது. மதுரைப் பெரியவர் வைக்கோலும் மரப்பெட்டிகளுமாக வண்டியில் வந்தார். ஒவ்வொரு பொருளையும் இரு கைகளாலும் எடுத்து, தட்டிக் கேட்டு, அடி விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்தார். புளியில் பொன் போன தட்டைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் புரிந்துகொண்டு அதைப் பெட்டியில் வைத்தார். எங்கள் பகுதி வீடுகளில் பொருள் சேகரிப்பவர் யாரும், இப்படித் துலக்கி வெளிறிய தட்டு ஒன்றையேனும் பார்க்காமல் இருக்க முடியாது.

கோப்பைகளுக்கு நேர்ந்ததை அவரிடம் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.  தேநீர் வரிசைக்கு வந்தபோது அவரே மெல்லத் தொடங்கினார்.

“சார், இருக்கிற நாலையாவது காப்பாத்தலாம். நான் தயாராத்தான் வந்திருக்கேன்.” ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து, வெள்ளை வெளேரென்ற புதிய கோப்பை ஒன்றை எடுத்தார். “எலும்புத்தூள் கலந்த பீங்கான். இதைவிட லேசு, விளிம்பும் இதே மெலிசு. உடைஞ்சா வேற வாங்கித் தர்றேன். அம்மாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.”

அவர் சொன்னது நியாயம். நானும் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். அவரே தண்ணீர் ஊற்றி, கட்டிலருகே அமர்ந்து, மிகுந்த மரியாதையோடு நீட்டினார். என் மனைவி குனிந்து உள்ளே பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“இதுல யாரும் இல்ல.”

“தண்ணி இருக்கும்மா. குடிங்க.”

“ஆளு இல்லாத வீட்டுல போயித் தண்ணி கேட்ட மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்.”

“அம்மா, அந்தக் கப் ரொம்பப் பழசு. உடைஞ்சா திரும்பக் கிடைக்காது.”

“பழசா? எனக்கு என்ன வயசுன்னு அவுகள்ட்டக் கேளுங்க.”

அவர் சிரித்துவிட்டார். ஆயினும் விடவில்லை, மதிய உணவு வரை அந்தக் கோப்பையை மூன்று நான்கு விதமாக நீட்டிப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வெயில் ஏற ஏற அவள் நாக்கு வறண்டு, பேச்சில் பழைய குழறல் தலைகாட்டியது. நான் அதை அறிவேன். மருத்துவமனைக்குப் போகும் முன் அப்படித்தான் தொடங்கும். மேசையிலிருந்து டிராகன் கோப்பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

“கோப்பைகள் இங்கேயே இருக்கட்டும்” என்று பெரியவரிடம் சொன்னேன்.

“அப்ப கெண்டி?”

 ஒரு வரிசையைப் பிரிக்கலாகாது என்பது என் கொள்கையாக இருந்தது. கோப்பை இல்லாத தட்டுகளையும் மூடி இல்லாத ஜாடிகளையும், வேறொரு வீட்டில் அவற்றின் துணை இருக்கக்கூடும் என்பதற்காகவே வாங்காமல் திரும்பி வந்தவன் நான். கெண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அதைத் தூக்கினேன். தூக்கிய கையில் அது ஆடியது. மூடி தடதடவென்று அடித்துக்கொண்டது. பெரியவர் எழுந்து அடியில் தம் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.  கெண்டி, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, ஆறு தட்டுகள் ஆகியவற்றை வைக்கோலில் நானே சுற்றிக் கொடுத்தேன். என் மனைவி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “மெதுவாச் சுத்துங்க. மூக்கு ஒடஞ்சிரப் போவுது” என்றாள்.

வண்டி போன பிறகு அலமாரியில் அவளுடைய படுக்கை விரிப்புகளையும் மருந்துகளையும் வைத்தோம். கூடம் அகலமாயிற்று. புளியறை அம்மாள் இப்போது பெருக்குவது எளிது என்கிறார்.

இதை எழுதும்போது கோப்பைகள் இன்னும் குறைந்திருக்கின்றன. மருத்துவர் கடைசியாகப் பார்த்தபோது நாக்கில் ஈரம் இருப்பதாகச் சொன்னார். குழாயைப் பற்றி அவர் பேசவில்லை. இனிப் பேசவே மாட்டார் என்றும் சொல்லவில்லை. கோப்பைகள் முன்னே தீருமா, வேறெதுவும் முன்னே தீருமா என்பதை நான் கணக்கிடுவதில்லை. காலையில் எழுந்ததும் வெந்நீரை ஆற வைக்கிறேன். “இன்னைக்கு யாரு?” என்று அவள் கேட்கிறாள். சொல்கிறேன். குடிக்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன். கை வலிக்கிறது. போதும் என்று அவள் சொல்லும் வரை பிடித்திருக்கிறேன்.

மதுரையில் அந்த மாடிக்குச் செல்பவர்கள் கோப்பைகள் இல்லாத கெண்டியைக் காண்பார்கள். கவனக்குறைவால் தொலைத்தார்கள் என்றோ, மதிப்பறியாமல் பிரித்துவிட்டார்கள் என்றோ அவர்கள் எண்ணக்கூடும். அப்படி அன்று. அவை பயன்பட்டுத் தீர்ந்தன. என் மனைவி அவற்றில் தண்ணீர் குடித்தாள்.

இந்தக் குறிப்பின் ஒரு படியை அந்தப் பெரியவருக்கு அனுப்புகிறேன். மற்றொன்று தங்கள் கையில் இருக்கிறது. இதைக் கிழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.